பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது: போர்டையே மாற்ற வேண்டுமா?

நவம்பர் 3, இரவு 9.10. தங்கச்சிமடத்திலிருந்து வந்த கேள்வி

அண்ணே, நேற்று சாயங்காலம் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸ் அப்டேட்டோடு சேர்ந்து பயாஸ் அப்டேட்டும் ஓட ஆரம்பித்தது. பாதிகூடப் போகவில்லை, மழைக்குக் கரண்ட் போய்விட்டது. பேட்டரி 60 சதவீதம் என்று காட்டும், ஆனால் சார்ஜரைப் பிடுங்கினால் ரெண்டு நிமிஷம்கூட நிற்காது. இப்போது பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. கடையில் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, மாத்தணும்" என்கிறார்கள். ஐஸ் கணக்கு, நண்டுக் கம்பெனி பாக்கி எல்லாம் உள்ளே இருக்கிறது. போர்டு உண்மையிலேயே போய்விட்டதா?

நவம்பர் 3, இரவு 10.25

இந்த அறிகுறியை மட்டும் வைத்துப் போர்டு போச்சு என்று சொல்ல முடியாது தம்பி. லைட்டும் ஃபேனும் வருகின்றன என்றால் கரண்ட் பாதை பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டிருப்பது எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன சிப்பில் எழுதியிருக்கும் பயாஸ், அதாவது பட்டனை அழுத்தியதும் மெஷினை எழுப்பும் முதல் நிரல். அதைத் திரும்ப எழுதலாம். எழுதிப் பார்க்காமல் போர்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கணக்கு எங்கேயும் போகவில்லை. பயாஸ் இருப்பது ஒரு சிப்பில், உங்கள் ஃபைல்கள் இருப்பது எஸ்எஸ்டியில். எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் சொருகினால் இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். அதுவே முதல் வேலை. வாங்கும்முன் எஸ்எஸ்டி எந்த வகை என்று பாருங்கள்: சாட்டாவா, எம்.2 சாட்டாவா, என்விஎம்இயா. பெரும்பாலும் மூன்றுக்கும் கேஸ் வேறு.

சொருகியதும் 48 இலக்க எண் கேட்டால் பயப்பட வேண்டாம், அது பிட்லாக்கர், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தீர்களோ அதே கணக்கை போனில் திறந்தால், சாதனங்கள் பகுதியில் பெரும்பாலும் அந்த மீட்பு எண் இருக்கும்.

நவம்பர் 4, காலை 6.50

இரவு அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். செத்துவிட்டது என்று தீர்மானிக்கும்முன் அது வேலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்டேட் முடிந்த பிறகு வரும் முதல் பூட்டில் போர்டு ரேமை முதலிலிருந்து பழக்கும். டிடிஆர்5 ரேம் என்றால் பல நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கலாம். ஃபேன் நின்று நின்று ஓடும், தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழும். இந்த நேரத்தில் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, நல்ல மெஷினைக் கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அரை மணி நேரம் சார்ஜரோடு தொடாமல் விடுங்கள். உங்கள் விஷயத்தில் கரண்ட் போனது உறுதி, அதனால் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் காசு செலவில்லாத சோதனை.

அடுத்தது தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, பேட்டரி கனெக்டரை விடுவித்து, பவர் பட்டனை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். வட்டக் காயின் செல் இருந்தால் அதையும் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். சிஆர்2032 என்றால் 3 வோல்ட் இருக்க வேண்டும், 2.7க்குக் கீழே என்றால் மாற்றிவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து எல்லாவற்றையும் மாட்டி சார்ஜரில் போட்டுப் பாருங்கள்.

நவம்பர் 4, காலை 11.15

கீழக்கரையிலிருந்து ஒருவர், "செல்லைக் கழற்றினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடுமா" என்று கேட்டிருக்கிறார். வராது. செல் காப்பாற்றுவது கடிகாரத்தையும் கொஞ்சம் செட்டிங்கையும்தான். இன்றைய போர்டுகளில் செட்டிங்கில் பெரும்பகுதியும் அதே ஃப்ளாஷ் சிப்பில்தான் இருக்கிறது. நிரலும் அங்கேதான். ஃப்ளாஷ் என்பது கரண்ட் இல்லாமலே எழுத்தை வைத்திருக்கும் சாமான், செல்லைக் கழற்றினால் அதில் ஒரு எழுத்தும் மாறாது. செல்லையும் பேட்டரியையும் கழற்றச் சொன்னது, கீபோர்டையும் பவரையும் ஆளும் சின்ன கன்ட்ரோலர் குழம்பி நின்றிருந்தால் தெளியட்டும் என்பதற்காக.

நவம்பர் 4, இரவு 8.40

அரை மணி வைத்துப் பார்த்தேன், வடித்தும் பார்த்தேன், மாற்றமில்லை என்று தம்பி எழுதியிருக்கிறார். மாடல் சொல்லவில்லை, அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். பயாஸ் நிரலில் முதலில் ஓடும் துண்டுக்கு பூட் பிளாக் என்று பெயர். அப்டேட் செய்யும் நிரல்கள் பெரும்பாலும் அதைக் கடைசியில்தான் தொடும், சில தொடவே தொடாது. அது உயிரோடு இருந்தால் சில கீகளை அழுத்தி, பென்டிரைவிலிருந்து மற்றதை வாங்கிக்கொள்ளச் சொல்லலாம்.

டெல்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடியே சார்ஜரைச் சொருக வேண்டும். மீட்புத் திரை வந்த பிறகு கையை எடுக்கலாம். பென்டிரைவில் ஃபைல் பெயர் "பயாஸ், அடிக்கோடு, ஐஎம்ஜி, புள்ளி, ஆர்சிவி" என்று இருக்க வேண்டும். சுமார் 2016க்குப் பிந்தைய மாடல்களில்தான் இந்த வசதி. லைட் சிமிட்டுவதை எண்ணுங்கள்: மஞ்சள் 2, வெள்ளை 2 என்றால் பயாஸ் கெட்டிருக்கிறது. மஞ்சள் 3, வெள்ளை 3 என்றால் மீட்பு ஃபைல் கிடைக்கவில்லை. மஞ்சள் 3, வெள்ளை 4 என்றால் ஃபைல் கிடைத்தது, ஆனால் செல்லாதது. இந்தக் கடைசி இரண்டும் நல்ல செய்தி. பூட் பிளாக் ஓடுகிறது, பென்டிரைவைத் தேடுகிறது என்று பொருள்.

எச்பி: விண்டோஸ் கீயும் பி கீயும் அழுத்தியபடி பவர் பட்டனை 2, 3 விநாடி பிடித்து, பவரை மட்டும் விட வேண்டும். முக்கால் நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும், பீப் வரும்வரை மற்ற இரண்டு கீயையும் விடாதீர்கள். பி வேலை செய்யாவிட்டால் வி. கேப்ஸ் லாக் லைட் இரண்டிரண்டாகச் சிமிட்டினால் பல மாடல்களில் பயாஸ் கெட்டதற்கான அடையாளம். மீட்புப் பென்டிரைவை, எச்பியின் அப்டேட் ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினால் வரும் "மீட்பு யுஎஸ்பி உருவாக்கு" என்ற தேர்வை வைத்துச் செய்யுங்கள். ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் கண்டுகொள்ளாது.

பழைய ஏசர் சிலவற்றில் எஃப்என் கீயும் எஸ்கேப்பும். ஃபைல் பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்.

பென்டிரைவ் விஷயத்தில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். 16 ஜிபிக்கு மேல் வேண்டாம். ஃபேட்32 ஃபார்மேட், எம்பிஆர் பார்ட்டிஷன், ஃபைல் எந்த ஃபோல்டருக்குள்ளும் இருக்கக் கூடாது. யுஎஸ்பி 2.0 போர்ட் இருந்தால் அதில் சொருகுங்கள். விளக்கு உள்ள பென்டிரைவாகப் பாருங்கள். திரை கறுப்பாக இருக்கும்போது, உள்ளே படிக்கிறதா என்று சொல்ல அந்தச் சிமிட்டல் மட்டுமே இருக்கும்.

நவம்பர் 5, காலை 7.30

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்காகத் தனியாக. ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போர்டுகளில் பலவற்றுக்குப் பின்பக்கம் ஒரு சிறு பட்டன் உண்டு. பிராசஸர், ரேம்கூட இல்லாமல் பயாஸ் எழுதும். 24 பின் கேபிளும் பிராசஸருக்கான 8 பின் கேபிளும் மாட்டியிருந்தால் போதும். குறிப்பிட்ட ஒரு யுஎஸ்பி போர்ட்டில் மட்டும்தான் வேலை செய்யும், அதைச் சுற்றி அடையாளம் போட்டிருப்பார்கள். ஃபைல் பெயர் எம்எஸ்ஐக்கு "எம்எஸ்ஐ, புள்ளி, ராம்". கிகாபைட்டுக்கு "கிகாபைட், புள்ளி, பின்". ஆசுஸ் ஃபைலோடு பெயர் மாற்றும் சிறு நிரல் ஒன்று வரும், அதை ஓட்டுங்கள். லைட் சிமிட்ட ஆரம்பித்து, தானாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சிமிட்டாமல் உடனே நிலையாக எரிந்தால் பெரும்பாலும் ஃபைல் பெயரோ போர்ட்டோ தவறு.

நவம்பர் 7, மாலை 5.05

கீ வழி பலிக்கவில்லையாம். மண்டபத்தில் சிப்பில் எழுதும் புரோகிராமர் வைத்திருக்கும் நண்பர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோகிறேன் என்கிறார் தம்பி. நல்லது. அவரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

சிப்பைக் கண்டுபிடிக்க: எட்டுக் கால், பக்கத்துக்கு நான்கு, தலையில் 25 என்று தொடங்கும் எண். 64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. 128 என்றால் 16 எம்பி. வின்பாண்ட், மேக்ரானிக்ஸ், கிகாடிவைஸ் இந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றின் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மூலையில் உள்ள புள்ளி ஒன்றாம் கால். அங்கிருந்து வரிசை: 1 சிப் தேர்வு, 2 வெளியே வரும் தரவு, 3 எழுத்துத் தடை, 4 கிரவுண்ட், 5 உள்ளே போகும் தரவு, 6 கிளாக், 7 ஹோல்ட், 8 பவர். எட்டாம் கால் ஒன்றாம் காலுக்கு நேர் எதிரே.

புரோகிராமரின் ஒயரைச் சிப்பின் கால்களோடு இணைத்துக் கவ்வுவதுதான் கிளிப். அதை மாட்டும்முன் ஒரு அளவு. சார்ஜரை மட்டும் போட்டு, பவர் பட்டனை அழுத்தி, 4க்கும் 8க்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 3.3 வந்தால் சாதாரண சிப். 1.8 வந்தால் எச்சரிக்கை, கீழே படியுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் பயாஸ் மேல் பழி போடாதீர்கள், பவர் பாதையில்தான் கோளாறு, அதற்குச் சிப் எழுதுவது மருந்தல்ல.

1.8 வோல்ட் சிப்பின் மேல் 3.3ஐ ஏற்றினால் சிப் செத்துவிடலாம். எண்ணிலும் இது தெரியும்: வின்பாண்டில் எண்ணுக்குப் பின் எஃப்வி, ஜேவி என்றால் 3.3. எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8. மேக்ரானிக்ஸில் 25எல் என்றால் 3.3, 25யு என்றால் 1.8. கிகாடிவைஸில் 25க்யூ 3.3, 25எல்க்யூ 1.8. இதற்கென்று 1.8 அடாப்டர் தனியாகக் கிடைக்கும், புரோகிராமருக்கும் கிளிப்புக்கும் நடுவே மாட்ட வேண்டும்.

சிஎச்341ஏ புரோகிராமரைப் பற்றி ஒரு வார்த்தை. சில நூறு ரூபாயில் ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைப்பது இதுதான். கறுப்புப் போர்டு வகையில் பலவற்றுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. எட்டாம் காலுக்கு 3.3 கொடுக்கும், ஆனால் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். காரணம், உள்ளே இருக்கும் சிஎச்341ஏ சிப் 5 வோல்ட்டில் ஓடுவதுதான். ஒருமுறை எழுதினால் பல சிப்கள் தாங்கிவிடும். ஆனால் கிளிப் வழியாக அந்த 5 வோல்ட் போர்டின் சிப்செட் கால்வரை போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். சிஎச்341ஏயின் பவர் காலைத் தூக்கி 3.3 ரெகுலேட்டருக்கு ஒயர் இழுத்துவிட்டால் சரியாகிவிடும். வாங்கும்போதே வோல்டேஜ் மாற்றும் ஸ்விட்ச் உள்ளதாக வாங்குவது இன்னும் நல்லது.

நவம்பர் 7, இரவு 9.50

மேலே ஒரே சிப் என்ற தோரணையில் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். இன்டெல் லேப்டாப்புகளில் இரண்டு சிப் உள்ளவை நிறைய: 8 எம்பி ஒன்று, 4 எம்பி ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே 12 எம்பியாக வேலை செய்யும். இரண்டையும் தனித்தனியாகப் படித்து வைக்க வேண்டும். இன்னொரு பொடி சிப்பும் கண்ணில் படலாம், 1 மெகாபிட் அல்லது 2 மெகாபிட். அது கீபோர்டு கன்ட்ரோலருடையது. அதில் பயாஸை எழுதிவிட்டு, பவர் பட்டனே வேலை செய்யவில்லை என்று தேடி வருகிறவர்கள் உண்டு.

நவம்பர் 8, காலை 10.20

மண்டபத்திலிருந்து செய்தி: "சிப் கிடைக்கவில்லை" என்று நிரல் சொல்கிறதாம். ஐந்தாறு தடவை கிளிப்பை மாட்டிக் கழற்றியாயிற்றாம். நம் கடற்கரையில் இதற்கு முதல் காரணம் உப்பு. வாடைக் காற்று அடிக்கும் இந்த மாதங்களில் கடலோர வீடுகளில் திறந்து வைத்த லேப்டாப்புக்குள் உப்பு படியாமல் இருக்காது. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈயம் மங்கும், செம்பு பச்சைக் களிம்பாகும். கிளிப்பின் ஊசி முனை அந்தப் படலத்தின் மேல்தான் உட்காருகிறது, உலோகத்தைத் தொடவில்லை.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மெல்லிய டூத் பிரஷ்ஷால் சிப்பின் இரண்டு பக்கக் கால்களையும் கால் பக்கமாக இழுத்துத் தேய்க்க வேண்டும், குறுக்காக அல்ல. மூன்று தடவை. கிளிப் ஊசிகளையும் பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு ஆல்கஹாலில் துடையுங்கள். மெடிக்கலில் விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், அவசரத்துக்கு மட்டும். அப்படியானால் காய ஒரு மணி நேரம் கூடுதலாக விடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் படலம் தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் போர்டே. கிளிப் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்காமல் போர்டில் உள்ள மற்றவற்றுக்கும் ஓடுகிறது. சின்ன புரோகிராமரால் அத்தனைக்கும் ஊட்ட முடியாமல் வோல்டேஜ் விழுந்துவிடும். பேட்டரி, சார்ஜர், காயின் செல் மூன்றும் கழற்றியிருக்க வேண்டும். கிளிப் மாட்டிய நிலையில் எட்டாம் காலை அளந்து, 3க்குக் கீழே என்றால் சிப்பைப் பெயர்த்தெடுப்பதுதான் வழி. ஃப்ளக்ஸ் தாராளமாக, ஹாட் ஏர் 350 டிகிரி சுற்று, பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர்களுக்கு கேப்டான் டேப். சிப் தானாக அசைந்த பிறகே தூக்குங்கள். இழுத்தால் போர்டின் பேட், அதாவது சிப்பின் கால் ஒட்டியிருக்கும் செம்புத் தகடு, கூடவே உரிந்து வரும். கால் வெளியே தெரியாத தட்டைச் சிப் என்றால் கிளிப் பிடிக்காது, அதையும் பெயர்த்தே ஆக வேண்டும்.

நவம்பர் 8, மாலை 6.35

சுத்தம் செய்ததும் சிப் தெரிந்துவிட்டதாம். 8 எம்பி, ஒரே சிப்.

எழுதாதீர்கள். முதலில் படியுங்கள். இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கெட்டுப்போன நிலையில்கூட அந்தச் சிப்பில் உங்கள் மெஷினுக்கே உரிய, வேறெங்கும் கிடைக்காத விஷயங்கள் இருக்கின்றன: சீரியல் எண், யுயுஐடி, சிலவற்றில் லேன் முகவரி, விண்டோஸ் லைசென்ஸ் கீ. அழித்தபின் அழுதாலும் வராது.

இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலின் எம்டி5 கூட்டெண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே எண்ணாக வர வேண்டும். வேறுபட்டால் கிளிப் ஆடுகிறது, இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி. அளவு சரியாக 83,88,608 பைட். இரண்டும் ஒத்துப்போனாலும், ஃபைலைப் பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முழுக்க எஃப்எஃப் அல்லது முழுக்க 00 என்றால் நீங்கள் படித்தது சிப்பை அல்ல, வெறும் காற்றை.

நவம்பர் 9, காலை 8.00

ஃபைலைத் திறந்து எங்கே வெட்டுப்பட்டது என்று பார்க்க வழி இருக்கிறது. இந்த வகை ஃப்ளாஷில் அழித்தால் எல்லா பிட்டும் 1 ஆகும், அதாவது எஃப்எஃப். எழுதுவது என்பது தேவையான பிட்டுகளை 0 ஆக்குவது. பைட் பைட்டாக அழிக்க முடியாது, குறைந்தது 4 கேபி துண்டு, பெரும்பாலும் 64 கேபி பிளாக்காக அழிப்பார்கள். அழித்துவிட்டு எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் நல்ல நிரலுக்கு நடுவே எஃப்எஃப் திட்டு ஒன்று பிளாக் எல்லையில் சட்டென்று தொடங்கி நிற்கும். நிறுவனமே வெற்றிடமாக விட்ட இடத்திலும் எஃப்எஃப் இருக்கும், ஆகவே அப்டேட் ஃபைலோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து, ஃபைலின் கடைசிப் பகுதி. இன்டெல் போர்டில் பிராசஸர் எழுந்ததும் போகும் இடம் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. அது சிப்பின் கடைசி 16 பைட். (இரண்டு சிப் போர்டில் இரண்டாவது சிப்பின் கடைசி.) அங்கே எஃப்எஃப் மட்டும் இருந்தால் பூட் பிளாக் போய்விட்டது, கீ எதையும் அழுத்திப் பயனில்லை. அங்கே நிரல் இருந்தால் வேறொரு பென்டிரைவோடு கீ வழியை இன்னொரு முறை பார்ப்பது வீணல்ல.

நவம்பர் 9, மதியம் 2.30

தம்பி அனுப்பிய விவரப்படி கடைசி 64 கேபி முழுக்க எஃப்எஃப். ஆக, கீ வேலை செய்யாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நான்காம் தேதி, பூட் பிளாக்கைக் கடைசியில்தான் தொடுவார்கள் என்று எழுதினேன். இந்த மெஷினின் அப்டேட் நிரல் அதை முன்னாலேயே அழித்திருக்கிறது. "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி நாட்களைக் கழிக்காமல், கிளிப் கிடைத்தால் முதலிலேயே படித்துப் பார்த்துவிடுவது மேல் என்று இப்போது தோன்றுகிறது.

நவம்பர் 9, இரவு 10.10

இனி ஃபைலைத் தைக்கும் வேலை. இதில்தான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். இணையத்தில் அதே மாடலின் முழு ஃபைல் கிடைக்கிறது, அப்படியே எழுதிவிடலாமா என்று மண்டபத்து நண்பர் கேட்டிருக்கிறார். வேறு வழியே இல்லாதபோது மட்டும். அது இன்னொருவருடைய மெஷினின் சீரியலோடும், அந்த மெஷினில் ஓடித் தன்னை அமைத்துக்கொண்ட மேனேஜ்மென்ட் எஞ்சினோடும் (எம்இ, இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் நிரல்) வரும். விளைவு: பூட் ஆகும், ஆனால் எழ நேரம் எடுக்கும், சரியாக அரை மணியில் தானாக அணையும், அல்லது ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

இன்டெல் ஃபைலுக்குள் பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் விளக்கப் பகுதி 4 கேபி: 16ஆம் பைட்டில் 5ஏ, ஏ5, எஃப்0, 0எஃப் என்று இருந்தால் அது நலம். பிறகு மேனேஜ்மென்ட் எஞ்சின், சிலவற்றில் லேன் பகுதி, கடைசியில் பயாஸ் பகுதி. பயாஸ் அப்டேட் பெரும்பாலும் தொடுவது கடைசிப் பகுதியை. எனவே முன்பகுதிகளை உங்கள் கெட்ட ஃபைலிலிருந்தே வைத்துக்கொண்டு, பயாஸ் பகுதியை மட்டும் நிறுவனத்தின் அப்டேட்டிலிருந்து போட வேண்டும். ஃப்ளாஷ்ராம் நிரலில் விளக்கப் பகுதியைப் படித்து பயாஸ் பகுதியை மட்டும் எழுதச் சொல்லும் வசதியே இருக்கிறது. மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதி நன்றாக இருக்கிறதா என்று எம்இ அனலைசரில் பார்த்துவிடுங்கள். ஏஎம்டி போர்டில் இந்தப் பகுப்பு கிடையாது, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

நிறுவனம் தரும் ஃபைல் நேரடியாகச் சிப்பில் எழுதும் ஃபைல் அல்ல. ஓடும் நிரலாக வந்தால் உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். கேப் என்று முடிந்தால் தலையில் ஒட்டுத்துண்டு இருக்கும், பல ஃபைல்களில் 2048 பைட். 83,90,656 பைட் என்று பார்த்தால் உடனே புரிய வேண்டும்: 8 எம்பியும் 2048ம். தலையை வெட்டாமல் எழுதினால் எல்லாம் 2048 பைட் தள்ளி உட்காரும், போர்டு எழாது.

பயாஸ் பகுதிக்குள்ளும் என்விராம் என்ற ஒரு துண்டு இருக்கிறது. பல மெஷின்களில் செட்டிங்கும், சிலவற்றில் சீரியலும் அதில்தான். பயாஸ் ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் யுஇஎஃப்ஐ டூலில் கெட்ட ஃபைலைத் திறந்து, அந்தத் துண்டு முழுசாக இருந்தால் எடுத்து அதே இடத்தில் வையுங்கள். அதுவே சிதைந்திருந்தால் வைக்காதீர்கள், போர்டு அதைப் படித்தே தொங்கி நிற்கும். நிரல் உள்ள பகுதிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். 2013ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறை முதல் இன்டெல்லில் பூட் கார்டு என்ற கையெழுத்துச் சோதனை உண்டு. அது இயக்கப்பட்ட மெஷினில் நிறுவனத்தின் கையெழுத்து பொருந்தாவிட்டால் பிராசஸர் ஓட மறுக்கும்.

எழுதும் வரிசை: அழி, வெற்றிடமா என்று பார், எழுது, ஒப்பிட்டுப் பார். கடைசி ஒப்பீடு தேறாமல் கிளிப்பைக் கழற்றாதீர்கள்.

நவம்பர் 10, காலை 7.15

புரோகிராமர் மாட்டிய கம்ப்யூட்டரும் கரண்டை நம்பித்தானே இருக்கிறது என்று தொண்டியிலிருந்து ஒரு அக்கா சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நியாயம். பேட்டரி நன்றாக உள்ள லேப்டாப்பில் மாட்டி எழுதுங்கள். அப்படியே போனாலும் இந்த வழியில் நஷ்டமில்லை, திரும்ப எழுதலாம். படித்து வைத்த ஃபைல் பத்திரமாக இருக்கிறதல்லவா.

வீட்டு இன்வெர்ட்டர் போதுமா என்றும் கேட்டிருந்தார்கள். லேப்டாப்புக்குப் போதும். டெஸ்க்டாப்புக்கு இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாங்குவது 16 மில்லி விநாடி அளவுக்குத்தான், சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்குள் அது விழுந்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து: ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் பயாஸைத் தொடாதீர்கள்.

நவம்பர் 10, காலை 9.40

கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் பாம்பன்காரர்களுக்குத் தேவைப்படும். படகில் உள்ள ஜிபிஎஸ் பிளாட்டர், எக்கோ சவுண்டருக்கும் இதே ஆபத்துதான். மெமரி கார்டு போட்டு அப்டேட் ஓடும்போது யாராவது இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் 10க்கும் கீழே இறங்கும், பிளாட்டர் அணைந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, வேறு எதையும் ஓட்டாமல் செய்யுங்கள். பதிந்து வைத்த பார், கல் (மீன் கூடும் கடலடிப் பாறை) இடங்களை முதலில் கார்டில் காப்பி எடுத்துவிடுங்கள். அப்டேட்டில் அவை அழிந்தால் வருஷக்கணக்கான கடலறிவு போய்விடும்.

நவம்பர் 12, இரவு 8.20

எழுந்துவிட்டது! தைத்த ஃபைலை எழுதி, ஒப்பீடு தேறி, கிளிப்பைக் கழற்றி, சார்ஜர் மட்டும் போட்டதில் இரண்டு முறை தானாக அணைந்து, மூன்றாம் முறை லோகோ வந்ததாம். தம்பிக்கும் மண்டபத்து நண்பருக்கும் என் சந்தோஷம்.

ஆனால் விண்டோஸ் நீலத் திரை காட்டுகிறது, ஃபார்மேட் போடட்டுமா என்கிறார். போடக் கூடாது. பயாஸ் செட்டிங் புதிதாகிவிட்டதால் ஸ்டோரேஜ் மோடு மாறியிருக்கும். முன்பு ஆர்எஸ்டியில் இருந்தது இப்போது ஏஹெச்சிஐ ஆகியிருக்கும், அல்லது நேரெதிர். உள்ளே போய் மாற்றிப் பாருங்கள். பூட் முறையில் யுஇஎஃப்ஐ, லெகஸி தேர்வையும் பாருங்கள். பிட்லாக்கர் 48 இலக்கம் ஒரு தடவை கேட்கும், அது இயல்பு.

நவம்பர் 12, இரவு 9.05

ஆர்எஸ்டிக்கு மாற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. பிரௌசரில் எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை என்று வந்தால் தேதியைப் பாருங்கள், காயின் செல்லைக் கழற்றியதில் பழைய வருஷத்துக்குப் போயிருக்கும். பயாஸ் திரையில் சீரியல் எண், பின்மூடியில் ஒட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறதா? விண்டோஸ் ஆக்டிவேஷன் இருக்கிறதா? இரண்டும் சரி என்றால் தையல் சரி.

நவம்பர் 16, காலை 6.30

எல்லாம் சரியாம். அப்படியானால் மிச்சம் மூன்று வேலை. பேட்டரியை மாற்றுங்கள், மூலகாரணம் அதுதான். 60 என்று பொய் சொன்னதால்தான் அப்டேட் நிரல் நம்பித் தொடங்கியது. அடுத்த பயாஸ் அப்டேட் வரும்போது பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்திவிட்டு ஓட்டுங்கள். புரோகிராமரையும் கிளிப்பையும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கச் சொல்லுங்கள், மேசை மேல் கிடந்தால் அடுத்த மழைக்குள் ஊசி கறுத்துவிடும்.

எட்டாம் தேதி படித்த கெட்ட ஃபைலையும், இப்போது எழுதிய நல்ல ஃபைலையும் மெஷினின் சீரியல் எண்ணைப் பெயராக வைத்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள். ஒன்று பென்டிரைவில், ஒன்று மெயிலில்.